கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்

அவுஸ்திரேலியாவுக்கு வந்து வேலையும் வீடும் ஓரளவு நிலைப்பட்டதும் எங்கள் இலங்கைக் கிழக்கு மாகாணத்தார் சிலருக்கு ஒரு படகு வாங்கும் ஆசை வருகிறது. நான்கு, நாலரை மீற்றர் நீளமுள்ள சின்ன அலுமினியப் படகு. இந்த நாட்டார் அதை 'டின்னி' என்று செல்லமாகச் சொல்வார்கள். காருக்குப் பின்னால் ட்ரெயிலரில் இழுத்துப் போகலாம், இரண்டு பேர் சேர்ந்தால் தண்ணீரில் இறக்கிவிடலாம், பழையது என்றால் விலையும் அதிகமில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோடு பிறந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. வீரமுனையைப் போல வயலோடு வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கும் வருகிறது. அவர்களும் சின்ன வயதிலிருந்து அந்தக் கரையின் மீனைத் தின்று வளர்ந்தவர்கள்தானே. ஆனால் "கடல் எங்களுக்குத் தெரியும்" என்ற நம்பிக்கையையும் சேர்த்தே படகில் ஏற்றிக்கொண்டு போகிறோம். என்னைப் பயமுறுத்துவது அந்த நம்பிக்கைதான். சின்னப் படகில் வெளிக்கடலுக்குப் போகிறவனுடைய உயிரை அவனுடைய கடலறிவு காப்பதைவிட, அவன் எங்கே போனான், எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் கரையில் ஒருவர் அறிந்திருப்பதே அதிகம் காக்கிறது. இந்த நாட்டின் சட்டங்களையும் பழக்கங்களையும் எங்கள் ஊர்கள் இருக்கும் அம்பாறைக் கரையின் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இது.

முதலில் காற்றைப் பார்ப்போம். கல்முனையும் கிழக்குக் கரை, சிட்னியும் கிழக்குக் கரை. எங்கள் ஊரில் கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். கரையோரம் அலை எழும்ப இடமில்லாமல் கடல் தட்டையாகக் கிடக்கும். வாடைக் காலத்தில் கரையேற்றி வைத்த வள்ளங்களெல்லாம் அப்போது கடலில் இருக்கும். சிட்னியின் குளிர்காலக் காலைகளில் மேற்குக் காற்று வீசும்போதும் இதேதான் நடக்கிறது. படகு இறக்கும் துறையில் நின்று பார்த்தால் கண்ணாடி போலத் தெரியும். நான்கைந்து கடல் மைல் வெளியே போனதும், தரையின் மறைப்பு விலகி, அதே காற்று அலையைக் கிளப்பிவிடும். திரும்பும்போது அது முகத்துக்கு நேரே வரும். போகும்போது தள்ளிவிட்ட காற்று வரும்போது பெற்றோலைக் குடித்துவிடும். அதனால்தான் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கைவைக்காமல் இருப்பதற்கு என்று இங்கே கணக்குச் சொல்கிறார்கள். இடையில் எஞ்சின் நின்றுவிட்டால் கரை தூரப் போய்க்கொண்டே இருக்கும். சிட்னிக்குக் கிழக்கே அடுத்த தரை சுமார் 2,000 கிலோமீற்றர் தள்ளி நியூசிலாந்து. கல்முனைக்கு நேர் கிழக்கே அடுத்த தரை 1,000 கிலோமீற்றருக்கும் அப்பால் நிக்கோபார். அமைதியாகத் தெரியும் அந்தக் காலைக் கடலே சின்னப் படகுக்கு மிகக் கெட்ட நாளாக முடியலாம்.

இனிப் படகு. அலுமினியம் பாரமில்லாதது. அதுவே அதன் வசதி, அதுவே அதன் குறை. காற்று அதைச் சருகாகத் திருப்பும். எஞ்சின் பூட்டும் பின்பலகை தாழ்வாக இருக்கும், அந்த வழியாக ஓர் அலை உள்ளே ஏறினால் எஞ்சினின் பாரமும் தண்ணீரின் பாரமும் ஒரே பக்கம் சேரும், அடுத்த அலை மிச்சத்தை முடித்துவிடும். நங்கூரத்தை வசதிக்காகப் பின்பக்கம் கட்டுவது இந்த மாதிரிப் படகில் நேரே மரணத்தை அழைப்பதற்குச் சமம். எப்போதும் அணியத்தில்தான் கட்ட வேண்டும், படகு அலைக்கு மூக்கைக் காட்டி நிற்க வேண்டும். பார்வைக்குப் படாத எதிரியும் உண்டு. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்று அடித்தட்டில் விழுந்து, உப்புத்தண்ணீர் தேங்கிய மூலையில் மாதக்கணக்கில் கிடந்தால், அந்த இடத்து அலுமினியத்தை மெல்ல அரித்து ஊசித்துளை போட்டுவிடும். காசு, செப்புக் கம்பித் துண்டு எல்லாம் அப்படித்தான். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சில் மாட்டிய சுருள் கயிறும் அப்படி அலட்சியப்படுத்தப்படும் சாமான். மறுமுனையை மணிக்கட்டிலோ தொடையிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் அலையில் தூக்கி எறியப்பட்டால் சுவிட்ச் கழன்று எஞ்சின் உடனே நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே காற்றாடியோடு திரும்பி வரும். எங்கள் ஊர் பைபர் படகுகளிலும் இதே வகை எஞ்சின்தான்.

சட்டம் சொல்வதையும் பார்க்க வேண்டும். விக்டோரியா மாநிலம் 2005 டிசம்பர் 1 முதல், 4.8 மீற்றருக்கு மேற்படாத இயந்திரப் படகு ஓடிக்கொண்டிருக்கும்போது உயிர்காப்பு அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்று விதித்தது. படகில் வைத்திருந்தால் போதும் என்ற பழைய ஏற்பாடு போய்விட்டது. பின்னர் செய்த ஆய்வில், அணிபவர்களின் பங்கு ஐந்தில் ஒருவர் என்ற அளவிலிருந்து பாதிக்கும் மேலாக ஏறியதும், பொழுதுபோக்குப் படகோட்டிகள் மூழ்கி இறப்பது பாதிக்கும் கீழே இறங்கியதும் தெரியவந்தது. நியூ சவுத் வேல்ஸிலும் அந்த அளவுள்ள படகு திறந்த கடலில் இருக்கும்வரை அங்கி கட்டாயம். ஆற்றுவாயின் மணல்திட்டைக் கடக்கும்போது அங்கி அணிய வேண்டும் என்பதும் விதி. வற்று நீரோட்டம் வெளியே ஓட, கடல் அலை உள்ளே வர, இரண்டும் மோதும் இடத்தில்தான் அலை செங்குத்தாக எழும்பும். வானிலை நிலையம் தன் கடல் முன்னறிவிப்போடு ஓர் எச்சரிக்கையைத் தவறாமல் சேர்க்கிறது: சொன்ன சராசரி வேகத்தைவிட வீச்சுக் காற்று 40 வீதம் கூடுதலாக அடிக்கலாம், அலை சொன்ன உயரத்தின் இரு மடங்கு வரை எழலாம். ஒன்றரை மீற்றர் என்று வாசித்துவிட்டுப் போகிறவர் மூன்று மீற்றருக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இவையெல்லாம் தேவை. ஆனாலும் அங்கி செய்வது நேரம் வாங்கித் தருவது மட்டுமே. அந்த நேரத்துக்குள் யாராவது வர வேண்டும். வருவதற்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2009-இல் தனித்தனிக் குழுக்களை ஒன்றாக்கி அமைத்த மரீன் ரெஸ்கியூ என்ற தொண்டர் அமைப்பு செய்யும் வேலைகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்: புறப்படும்போது வானொலியிலோ கைத்தொலைபேசியிலோ அவர்களிடம் பதியலாம். எந்தப் படகு, எத்தனை பேர், எந்தத் துறையிலிருந்து, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவது. திரும்பியதும் "வந்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்ன நேரம் கடந்தும் குரல் வராவிட்டால் அவர்களே தேடத் தொடங்குவார்கள். கடலில் தவிப்பவர் தன்னால் உதவி கேட்க முடியாத நிலையில் இருந்தாலும் தேடுதல் தொடங்கும் என்பதுதான் இதன் உயிர்நாடி. இரண்டு கடல் மைலுக்கு அப்பால் போகும் படகில் அவசர அபாயக் கருவி கட்டாயம். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது எழுப்பும் சமிக்ஞையைச் செய்மதி பிடித்து, கன்பராவில் இருக்கும் மீட்பு மையத்துக்குக் கொடுக்கும். கருவியை உரிமையாளர் பெயரில் பதிவது இலவசம். பதிந்திருந்தால், மையத்தார் முதலில் வீட்டுக்குத்தான் தொலைபேசி எடுப்பார்கள். அந்தத் தொலைபேசியை எடுப்பவருக்குப் பதில் தெரியவேண்டும். மனைவிக்கோ பிள்ளைக்கோ எங்கே போகிறேன் என்று சொல்லாமல் விடிய முன்னம் கிளம்பும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. அதை முதலில் நிறுத்த வேண்டும்.

இப்போது அம்பாறைக் கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அதுதான், 10,000-க்கும் மேல். அதன்பின் உதவி நிறுவனங்கள் பைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தன. அவற்றில் தரமற்றவையும் நிறைய இருந்தன. மீனவனுக்குப் படகு கொடுத்தார்கள், அவன் திரும்பாவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒலுவிலில் 2013-இல் திறந்த துறைமுகத்தின் கதை தெரிந்ததே. வாயில் மணல் மூடியது, வடக்கே ஒலுவிலையும் நிந்தவூரையும் கடல் அரித்தது. பாதுகாப்பாகக் கரைசேர ஓர் இடம் வேண்டும் என்று கட்டியதன் வாயிலேயே மணல்திட்டு நின்றது. பலநாட் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்தது எப்போது என்று பாருங்கள். சட்டவிரோத மீன்பிடி காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் இலங்கை மீனுக்குத் தடை போட்ட பிறகுதான் அது வேகம் பிடித்தது, 2016-இல் தடை நீங்கியது. மீன் எங்கே பிடிபட்டது என்று தெரிந்துகொள்ளக் காட்டிய அக்கறை, பிடிக்கப் போனவன் எங்கே இருக்கிறான் என்பதில் முன்பே இருந்திருக்க வேண்டும். அதிலும் காலையில் போய் மதியம் திரும்பும் 18 அடி, 23 அடிப் படகுகள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. 2011 நவம்பரிலும் 2013 ஜூனிலும் தெற்கு, மேற்குக் கரைகளில் திடீர்க் காற்றில் மீனவர்கள் கொத்தாக இறந்தபோது, எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்று நாடே பேசியது. யார் யார் கடலில் நிற்கிறார்கள் என்ற பட்டியல் கரையில் இல்லாதபோது எச்சரிக்கையை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

அங்கும் இப்படி ஒரு பதிவு வேண்டும் என்றால் வரும் மறுப்புகளை நான் இலேசாக எடுக்கவில்லை. அவுஸ்திரேலியாக்காரன் பொழுதுபோக்குக்குப் போகிறான், காற்று சரியில்லை என்றால் வீட்டில் இருப்பான், எங்கள் மீனவன் போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பெரியாது, இரண்டையும் ஒப்பிடலாமா என்பது முதல் மறுப்பு. நியாயமான கேள்வி. சில நூறு டொலர் கருவியைச் சாய்ந்தமருது மீனவனிடம் வாங்கச் சொல்வது அநீதி, அதை அரசு கொடுக்க வேண்டும். ஆனால் யார் போனார், எப்போது திரும்ப வேண்டும் என்று கரையில் எழுதிவைக்கும் பதிவுக் கொப்பிக்கு அதிகக் காசு வேண்டியதில்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கெட்ட நாளிலும் போக வேண்டியவனுக்குத்தான், நல்ல நாளில் மட்டும் போகிறவனைவிட, கரையில் ஆள் வேண்டும். உலகம் முழுவதும் மீன்பிடித் தொழிலில் ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று 2022-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வெயிலில் அங்கி போட்டு வலை இழுக்க முடியாது என்பது இன்னொரு மறுப்பு. பழைய தடித்த அங்கிக்கு அது பொருந்தும். தண்ணீர் பட்டதும் ஊதும் மெல்லிய பட்டி வகை இப்போது இருக்கிறது, விலைதான் தடை. அதுவரை குறைந்தபட்சம் கரையலை கடக்கும்போதாவது கையிலுள்ளதை அணியலாம்.

கடலில் போனவன் திரும்புவது அவன் விதி என்ற பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும். அது எங்கள் பக்கத்தில் இந்து, முஸ்லிம் இரண்டு சமூகத்திலும் உண்டு. வீரமுனையில் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. சீர்பாத தேவி ஏறிவந்த கப்பல் திருகோணமலையில் தடைப்பட்டு நின்றதாகவும், அங்கே கடலுக்குள் கிடைத்த பிள்ளையாரை ஏற்றி, கப்பல் எங்கே கரைதட்டுகிறதோ அங்கே கோயில் கட்டுவதாக நேர்ந்ததாகவும், அது வந்து தட்டிய இடம் வீரமுனை என்றும் சொல்வார்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேறும். தூரத்தில் கப்பலொன்று ஓட்டையாகித் தாழ்வதைக் கரையில் இருந்தபடியே அறிந்து, கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அவர் அந்த ஓட்டையை அடைத்தார் என்பது அவரைப் பற்றிய கதை. இந்தக் கதைகளை வளர்த்த மக்கள் கடலில் போனவனை அவன் பாட்டுக்கு விட்டுவிட்டவர்கள் அல்லர். போகிறவனோடு ஒரு துணையை அனுப்பினார்கள், கரையில் அறிந்துகொண்டு இருப்பவர் ஒருவர் வேண்டும் என்றும் நம்பினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவனிடம் பொறுப்பை விடச் சொன்ன நபிமொழியும் கல்முனையில் எல்லோருக்கும் தெரிந்ததே. நேர்ச்சையையும், இறைவனிடம் பொறுப்பை விடும் தவக்குலையும் காட்டிப் பதிவுக் கொப்பியை மறுக்க முடியாது.

அந்தக் கொப்பியை யார் வைத்திருப்பது என்பதையும் பேசிவிட வேண்டும், ஏனென்றால் நல்ல யோசனைகள் எங்கள் ஊரில் சாவது இந்த இடத்தில்தான். அரச அலுவலகத்தில் வைத்தால் விடிய நான்கு மணிக்குக் கதவு திறந்திருக்காது. கடலுக்குப் போவதை விட்ட தண்டயல்மார் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள், தூக்கம் வராமல் வாடியில் வந்து குந்தியிருப்பவர்கள். எந்தப் படகு யாருடையது, யார் எந்தப் பாட்டுக்குப் போவான், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அவர்களுக்குப் பாடம். மீனவர் சங்கம் அவர்களுக்கு ஒரு சிறு கொடுப்பனவும், கடற்படையோடும் மீன்பிடித் திணைக்களத்தோடும் பேச ஓர் இலக்கமும் கொடுத்தால் போதும். வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் அடுத்த முறை நிதி சேர்க்கும்போது இன்னொரு படகு வாங்கிக் கொடுப்பதற்கு முன், மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை துறைக்கு ஒருவராக அந்தக் கொடுப்பனவை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ளட்டும். இங்கே டின்னி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கருவியைப் பதிந்து, அதில் வீட்டுத் தொலைபேசி இலக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.