பனிமய மாதா ஊரில் ஓர் ஆஸ்திரியப் பணியாரம்

தேனியிலிருந்து தெற்கே செல்லும் பேருந்து சின்னமனூரைக் கடந்ததும், சாலையின் இருமருங்கிலும் நெல்வயலும் தென்னந்தோப்பும் மாறிமாறி வருகின்றன. 1895ஆம் ஆண்டு முடிவுற்ற பெரியாறு அணையின் நீரே கம்பம் பள்ளத்தாக்கின் உயிர். உத்தமபாளையத்தில் இறங்கி இராயப்பன்பட்டிக்குத் திரும்பினால் திராட்சைப் பந்தல்கள் நம்மை வரவேற்கும். பனிமய மாதா ஆலயத்தில் செபித்துவிட்டு, நாங்கள் உறவினர் இல்லம் சென்றோம். ஆஸ்திரியாவில் மறைப்பணி ஆற்றும் அவ்வீட்டு மகன் விடுமுறையில் வந்திருந்தார்.

எண்பதைக் கடந்த அவருடைய அன்னைக்கு நெடுநாளாக ஒரே கவலை. “அங்கன சாமிக்கு என்ன ஆக்கிப் போடுறாங்களோ!” என்பார். பெற்ற மகனையும் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் ‘சாமி’ என்றே அழைப்பவர் அவர். அன்று வெள்ளிக்கிழமை. “அங்கே வெள்ளிக்கிழமை உண்பதை இன்று நானே சமைத்துக் காட்டுகிறேன், அம்மா” என்று குருவானவர் அடுப்படியில் நுழைந்துவிட்டார்.

ஆஸ்திரியர் புலால் விலக்கிய நாள்களில் மாவுப் பண்டங்களையே உணவாகக் கொண்டனர். அதனால் இனிப்புப் பண்டமே மதிய உணவாக அமைவது அங்கே புதுமையன்று. அவர் சமைக்க முனைந்ததன் பெயர் ‘கைசர்ஷ்மார்ன்’. கைசர் என்றால் பேரரசர். ஷ்மார்ன் என்றால் பிய்த்துப்போட்ட பண்டம். வெட்டிப்பேச்சு என்றும் அச்சொல்லுக்கு ஒரு பொருளுண்டு! 1916இல் மறைந்த பேரரசர் பிரான்சு யோசேப்பு இதனை விரும்பி உண்டார் என்பது கதை.

நான்கு முட்டை, 130 கிராம் மைதா, கால் லிட்டர் பால், சிறிது சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இவ்வளவே. மஞ்சட்கருவை மாவிலும் பாலிலும் கலந்து, வெண்கருவைத் தனியே நுரைக்க அடித்துச் சேர்க்க வேண்டும். முதன்முறை வெண்கருவில் மஞ்சட்கரு சிந்திவிட்டது. எவ்வளவு அடித்தும் நுரை எழவில்லை. போதாக்குறைக்கு, உலர்திராட்சை இல்லையே என்று தோட்டத்துப் பன்னீர்த் திராட்சையை மாவில் போட்டோம். சாறு கசிந்து எல்லாம் கருநீலக் கூழாயிற்று. அதனை வீட்டுக் கோழிகளும் ஐயத்தோடுதான் நோக்கின.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற அத்திராட்சை சாறும் விதையும் மிக்கது, மாவுக்கு ஏற்றதன்று. ஆஸ்திரியர் இப்பண்டத்தோடு வேகவைத்த பிளம் பழக்குழம்பைத் தொட்டுக்கொள்வார்கள். திராட்சையைப் பட்டை, கிராம்புடன் வேகவைத்து, விதை நீக்கி வடித்தால் அதற்கு ஈடாகும் என்றார் எம் இல்லத்தரசி. அவ்வாறே செய்தோம். போடி ஏலக்காயும் சேர்க்கலாமே என்று ஆத்தா கேட்டதற்கு மட்டும் சாமி இணங்கவில்லை.

இரண்டாம் முறை நுரை நன்கு எழுந்தது. இரும்புச் சட்டியில் வெண்ணெய் உருக்கி, மாவைத் தடிமனாக ஊற்றி, இளந்தீயில் இருபுறமும் சிவக்கவிட்டு, இரு கரண்டிகளால் பிய்த்தார் குருவானவர். கொத்துப் பரோட்டாக்காரரின் வேகம் அவருக்கு இல்லை. இறுதியில் பொடித்த சர்க்கரையை மேலே தூவினார்.

“எங்கள் பங்கில் பனி பெய்தால் இப்படித்தான் இருக்கும், அம்மா.”

பனிமய மாதாவை வாழ்நாளெல்லாம் வேண்டிய அம்மூதாட்டி பனியைக் கண்டதில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். பல்லில்லா வாய்க்கு அப்பண்டம் இதமாக இருந்திருக்க வேண்டும். தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதத் தின்னுட்டு ராவு வரைக்கும் எப்படிச் சாமி தாங்கும்?” என்றவர், மருமகளை அழைத்து, சாமிக்குச் சோறும் ரசமும் எடுத்துவரச் சொன்னார்.