ஆலைக் கற்கள் தாங்கும் ஓட்டம்

இங்கிலாந்தின் நடுவே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது பென்னைன் மலைத்தொடர். அந்நாட்டின் முதுகெலும்பு என்று அதனை அழைப்பர். ஈடேல் என்னும் சிற்றூரில் தொடங்கி, அம்மலைகளின் மீதாக ஸ்காட்லாந்து எல்லைக்கு அப்பால் வரை செல்லும் ‘பென்னைன் வே’ நடைபாதை 1965-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 268 மைல்.

ஈடேலிலிருந்து மேலேறினால் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் வரும். அங்கே மரமில்லை, குடியிருப்பில்லை. குளிர்காற்றும் மூடுபனியும் காலடியில் கரிய மண்ணுமே உண்டு. அம்மண்ணுக்குப் ‘பீட்’ என்று பெயர். நீர் தேங்கிய நிலத்தில் காற்றுப் புகாமையால், மடிந்த பாசியும் புல்லும் முற்றிலும் மக்காமல் படிந்து உண்டானது அது. ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே உயரும். ஒரு மீட்டர் ஆழம் என்றால் ஆயிரம் ஆண்டுகளின் சேமிப்பு!

உலக நிலப்பரப்பில் சுமார் மூன்று விழுக்காடே பீட் நிலம். ஆயினும், காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுதியான கரியை அது தன்னுள் அடக்கி வைத்துள்ளது. மழைநீரை உறிஞ்சி மெல்ல மெல்ல வெளியிட்டு, வெள்ளத்தின் வேகத்தையும் தணிக்கிறது. காய்ந்தாலோ, தீப்பற்றினாலோ அக்கரி காற்றில் கலந்து புவியைச் சூடாக்கும்.

இத்தகைய செல்வத்தை மனிதன் பேணினானா? அருகிலிருந்த மான்செஸ்டர் வட்டாரத்துப் பஞ்சாலைகளின் புகை, பீட்டை உருவாக்கும் ஸ்பாக்னம் பாசியைக் கொன்றது. மந்தை மந்தையாக மேய்ந்த ஆடுகளும், அவ்வப்போது மூண்ட தீயும், நடப்போரின் காலடிகளும் எஞ்சியதைச் சிதைத்தன. ‘பிளாக் ஹில்’ என்ற குன்றின் உச்சி புல்லின்றி வெறும் கருஞ்சேறாகவே கிடந்தது.

இப்பாதையில்தான் ஆண்டுதோறும் ஜனவரிக் கடுங்குளிரில் ‘ஸ்பைன் ரேஸ்’ என்னும் நெடுந்தொலைவு ஓட்டம் நடைபெறுகிறது. 2019-இல் ஜாஸ்மின் பாரிஸ் என்ற கால்நடை மருத்துவர் 83 மணி 12 நிமிடங்களில் ஓடி முடித்து, ஆண்கள் அனைவரையும் முந்தினார். அப்போது அவர் கைக்குழந்தையின் தாய். இடைத்தங்கல்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார் என்பதைச் சகோதரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர், சூழலைக் காக்க விழையும் ஓட்டக்காரர்களின் அமைப்பொன்றைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர்.

அத்தனை கால்கள் மிதித்தும் மண் தாங்குவது எவ்வாறு? சேறு மிகுந்த பகுதிகளில் அகன்ற கற்பலகைகளைப் பாதையாகப் பதித்துள்ளனர். அவற்றுள் பல, இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்கள்! எந்த ஆலைகளின் புகை பாசியை அழித்ததோ, அவ்வாலைகளின் கற்களே இன்று மண்ணைக் காக்கின்றன.

2003 முதல் அவ்வட்டாரத்தில் சீரமைப்புப் பணியும் நடந்து வருகிறது. வெற்று மண்ணில் சணல் வலை விரித்து, புல் விதை தூவி, நீரோடும் பள்ளங்களைக் கல்லால் அடைத்து, பாசியை மீண்டும் நடுகின்றனர். கரிய பிளாக் ஹில் இன்று பசுமை போர்த்தி நிற்கிறது. ஆயினும் 2018-இல் அருகிலுள்ள சாடில்வொர்த் மேட்டில் மூண்ட தீயை அணைக்க இராணுவத்தையும் அழைக்க நேர்ந்தது. ஆயிரம் ஆண்டுகளில் சேர்ந்தது சில நாட்களில் எரிந்துபோகும்.

ஓடுவோர் கல்லை விட்டு இறங்காமல் ஓடுவது சிறு செயலே. அருகில் நட்ட பாசி நிலைபெற அதுவே இடம் தருகிறது.