வென்ற குதிரையும் நல்ல குதிரையும்

எங்கட வீடுகளில குதிரைப் பந்தயம் எண்டால் ஒரே அர்த்தம்தான்: சூது. கொழும்பில் புக்கிக் கடைக்குள் நின்று, இங்கிலாந்தில் ஓடுகிற ஏதோ ஒரு குதிரைக்குக் காசு கட்டிவிட்டு, தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள். "அந்தப் பக்கமே போகாதேங்கோ" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நாங்கள் காசு கட்டவில்லை. ஆனால் ஒரு பழைய வீடியோவில் நல்லா மாட்டுப்பட்டுப்போனோம். 1986ஆம் ஆண்டு எப்சம் டார்பி.

முதலில் டார்பி என்றால் என்னவென்று சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 'கிளாசிக்' என்று அழைக்கப்படும் பந்தயங்கள் ஐந்து. நியூமார்க்கெட்டில் இரண்டு கினீஸ், எப்சத்தில் ஓக்ஸும் டார்பியும், டொன்காஸ்டரில் சென்ட் லெஜர். டார்பி 1780இலிருந்து நடக்கிறது, தூரம் ஒன்றரை மைல். ஐந்திலும் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். உயர்தரப் பரீட்சையைக்கூட நாங்கள் மூன்று தரம் எழுதலாம். இதுகளுக்கு வாழ்நாளில் ஒருதரம்தான்.

அந்த மூன்று வயதும் சரிசமமான மூன்று வயது இல்லை. வட அரைக்கோளத்தில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். ஜனவரியில் பிறந்ததும் மே மாதத்தில் பிறந்ததும் ஒரே வயதென்று கணக்கு. எங்கள் கதாநாயகன் டான்சிங் பிரேவ் மே மாதக் குட்டி.

1986 வசந்தத்தில் அது 2000 கினீஸை மூன்று குதிரை நீளத்தால் வென்றிருந்தது. ஒரு நீளம் என்பது கிட்டத்தட்ட 2.4 மீற்றர். ஆனால் கினீஸ் ஒரு மைல்தான், டார்பிக்கு இன்னும் அரை மைல் ஓடவேண்டும். அத்தோடு எப்சம் நேரான, சமதரையான திடல் இல்லை. ஏறி, பிறகு இறங்கி, இறங்குகிறபோதே இடதுபக்கம் திரும்பவேண்டும். ஜொக்கி கிரெவில் ஸ்டார்க்கி குதிரையின் தெம்பை மிச்சம் பிடிக்க நினைத்துப் பின்னுக்கே வைத்திருந்தார். கடைசி நேர்ப்பாதைக்கு வந்தபோதும் அது கூட்டத்தின் வாலுக்குப் பக்கத்தில்தான். முன்னுக்கு ஷாரஸ்தானி என்ற குதிரை போய்க்கொண்டிருந்தது. அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மற்றக் குதிரைகள் நின்றுவிட்டதுபோல, டான்சிங் பிரேவ் ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறது. கோடு வந்துவிட்டது. அரை நீளத்தால் தோல்வி.

எங்களுக்குள் சண்டை அங்கேதான் தொடங்கியது. "எது நல்ல குதிரை எண்டு கண்ணுக்குத் தெரியுதே!" என்றது ஒரு பக்கம். "கோட்டை முதல் தாண்டினதுதான் கணக்கு. மிச்சமெல்லாம் சாட்டு" என்றாள் ஒருத்தி. மருத்துவபீடத்தை இசட் ஸ்கோரின் ஒரு தசம தானத்தில் தவறவிட்டவள் அவள். அவளிடமிருந்து இந்தப் பதிலை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

குதிரைகளுக்குத் தரம் போடுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்வி வேறு. எது முதல் வந்தது என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. எதை வென்றது, எவ்வளவு தூரத்தால் வென்றது, எவ்வளவு பாரம் சுமந்து வென்றது? இதுக்கெல்லாம் சேர்த்து இறாத்தல் கணக்கில் ஓர் எண் கொடுப்பார்கள். ஒரு குதிரைக்கு 130, இன்னொன்றுக்கு 126 என்றால், முதலாவது நாலு இறாத்தல் கூடச் சுமந்தால் இரண்டும் ஒன்றாக வந்து சேரவேண்டும் என்று பொருள். டார்பியில் ஆண் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாரம். ஆகவே இடைவெளிதான் சாட்சி. ஒன்றரை மைல் ஓட்டத்தில் அந்த அரை நீளம் ஒரு இறாத்தல்கூட வராது.

நேரத்தைப் பார்த்தால் போதாதா என்று நாங்களும் கேட்டோம். போதாது. மழை பெய்து தரை இளகினால் நேரம் கூடும். தொடக்கத்தில் எல்லாரும் மெதுவாகப் போனாலும் கூடும். ஓர் ஓட்டத்தின் பெறுமதியை அதுக்குப் பிறகு நடந்த ஓட்டங்கள்தான் கனக்கச் சொல்லும். கினீஸில் இரண்டாவதாக வந்த கிரீன் டெசர்ட், அதே வருடம் ஜூலைக் கிண்ணத்தை வென்றது. அது குறுந்தூர ஓட்டத்தில் முதல்தரமான பந்தயம். அப்போது கினீஸ் வெற்றியின் மதிப்பும் ஏறியது. டார்பியை வென்ற ஷாரஸ்தானி, ஐரிஷ் டார்பியை எட்டு நீளத்தால் வென்றது. அப்போது டான்சிங் பிரேவின் தோல்விக்கும் மதிப்பு ஏறியது. ஷாரஸ்தானி சும்மா வென்ற குதிரை இல்லை என்பதையும் நாங்கள் அங்கேதான் ஒத்துக்கொண்டோம்.

ஜூலையில் அஸ்கொட்டில் இரண்டும் மறுபடி சந்தித்தன. பாட் எடரி ஓட்டிய டான்சிங் பிரேவ் முதலாவது, ஷாரஸ்தானி நாலாவது. ஒக்டோபரில் பரிசில் ஆர்க் பந்தயம். பிரெஞ்சு டார்பியை வென்ற பேரிங், ஷாரஸ்தானி, வயதில் மூத்த கெட்டிக்காரக் குதிரைகள் என்று எல்லாமே அங்கே நின்றன. எடரியும் பின்னுக்கே காத்திருந்தார். வெளிப்பக்கத்தால் கொண்டுவந்து, ஒன்றரை நீளத்தால் வென்றார். ஜூன் மாதம் தோற்ற அதே மாதிரியான ஓட்டம்தான். வருட முடிவில் சர்வதேசத் தரப்படுத்தலில் அதுக்கு 141 கொடுத்தார்கள். 1977இல் அந்தத் தரப்படுத்தல் தொடங்கியதிலிருந்து அதுவரைக்கும் அதுதான் ஆகக்கூடிய எண்.

கதை அதோடு முடியவில்லை. பொலிகுதிரையாக விட்டபோது அதுக்கு அரிதான நோயொன்று வந்தது. முதல் குட்டிகளும் எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை. 1991இல் யப்பானுக்கு விற்றுவிட்டார்கள். 1993இல் எப்சம் டார்பியை வென்றது கொமாண்டர் இன் சீஃப். டான்சிங் பிரேவின் மகன்.

பிறகு ஃபிராங்கல் வந்தது. 2011இல் 2000 கினீஸை ஆறு நீளத்தால் வென்றது. 14 பந்தயம், 14 வெற்றி. டார்பியில் அது ஓடவேயில்லை. 2013 ஜனவரியில் அதுக்கு 140 கொடுத்தபோது, பழைய 141 குறுக்கே நின்றது. தரப்படுத்துகிறவர்கள் பழைய வருடங்களை மீள ஆராய்ந்து, அந்தக் காலத்து எண்கள் இன்றைய அளவுகோலுக்குக் கூடிப்போய்விட்டன என்று முடிவெடுத்தார்கள். டான்சிங் பிரேவ் 138க்கு இறங்கியது. இரண்டு குதிரைக்கும் சொந்தக்காரர் ஒருவரே, சவூதி இளவரசர் காலித் அப்துல்லா.

இதைக் கேட்டு முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. செத்துப்போன குதிரைக்கு மார்க்ஸ் குறைக்கிறதா? ஆனால் இசட் ஸ்கோர் கண்ட பிள்ளைகள் தானே நாங்கள். ஒரு பாடத்து 70ஐயும் இன்னொரு பாடத்து 70ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட ஏலாது என்று எங்களுக்குத் தெரியும். வேறு வேறு வருடங்களை ஒரே தராசில் போடவேண்டுமென்றால் தராசைத் திருத்தத்தான் வேண்டும். திருத்தியது பிழையென்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆனால் திருத்தின பிறகும் அது தராசின் எண்தான். லோஞ்ஷாம்பில் வெளிப்பக்கத்தால் வந்த அந்தக் குதிரை 2013இல் ஒரு அடிகூடப் பின்னுக்குப் போகவில்லை.

கடைசியில் நாங்கள் அவளிடமே திரும்பக் கேட்டோம். இப்பவும் கோடுதான் கணக்கா?

"டார்பி ஷாரஸ்தானிக்குத்தான். அதை ஒருத்தரும் பறிக்கேலாது," என்றாள். "நானும் எனக்குக் கிடைக்காததைக் கிடைச்ச மாதிரிச் சொல்லமாட்டன். ஆனா நல்ல குதிரை எது எண்டு ஜூன் மாசமே கேட்டால், ஒக்டோபர் மட்டும் பொறுங்கோ எண்டு சொல்லுவன்."

பிறகு போனை வாங்கி, ஆர்க் ஓட்டத்தை முதலிலிருந்து போட்டாள்.