ஸ்காபுறோவில் ஒரு நிலவறை

கனடா தேசத்துக்குப் போய் மீண்டவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதாமல் விடுவது அருமை. நாமும் அதனைக் கண்டோம், நனைந்தோம், படமும் பிடித்துக்கொண்டோம். ஆயினும், சென்ற ஆவணி விடுமுறையில் அங்கு தங்கிய நான்கு வாரங்களுள் நீர்வீழ்ச்சிக்கென்று செலவானது ஒரு பகற்பொழுது மாத்திரமே. எஞ்சிய நாள்களிற் பெரும்பகுதியை ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பாகமாகிய ஸ்காபுறோவில், எமது தம்பியின் வீட்டு நிலவறையில், அண்ணாந்து பார்த்தபடியே கழித்தோம். அக்கதையையே இங்கு கூறப் புகுகின்றோம்.

யாழ்ப்பாணத்திலே வீட்டுக்குக் கீழே ஓர் அறை வேண்டுமென்று எவராவது தோண்டத் தொடங்கினால், சிறிது தூரத்தில் சுண்ணாம்புக்கல் முட்டும். அதனையும் உடைத்துக்கொண்டு போனால் கிணறு கிடைக்கும். கனடாவின் நிலை வேறு. அங்கே மாரிகாலத்தில் மண்ணினுள் இருக்கும் நீர் உறைந்து பருத்து, மேலுள்ள கட்டடத்தையே தூக்கிவிடவல்லது. ஆகையால் ரொறன்ரோப் பகுதியில் அத்திவாரம் ஏறத்தாழ 4 அடி ஆழத்துக்குக் கீழே இறங்கவேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னுஞ் சிறிது தோண்டி, கிடைத்த பள்ளத்தை ஓர் அறையாக்கிக்கொள்கின்றார்கள். வீட்டைச் சூடாக்கும் உலை, வெந்நீர்த் தாங்கி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் யாவும் அங்கேயே இருக்கும். எம்மவர் அதனைப் ‘பேஸ்மென்ட்’ என்றே வழங்குகின்றனர்.

அச்சொல்லுக்கு எம்மவரிடையே ஒரு தனிப் பொருளும் உண்டு. போர்க்காலத்தில் இங்கிருந்து சென்றவர்களுட் பலர் முதன்முதற் குடியிருந்தது பிறர் வீட்டு நிலவறைகளிலேதான். தம்பியும் அவ்வாறே வாழ்ந்தவர். “நான் மூண்டு வருஷம் மற்றவன்ரை பேஸ்மென்டிலை படுத்தனான், அண்ணை. என்ரை பேஸ்மென்டிலை என்ரை பிள்ளையள் விளையாடட்டும்” என்று, நாம் போய் இறங்கிய அன்றிரவே எம்மைக் கீழே அழைத்துச் சென்று காட்டினார்.

அவ்வீடு 1950களிற் கட்டப்பட்ட தனிமாடி வீடு. நிலவறையின் ஒரு பாதி 28 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள ஒரே மண்டபமாக இருந்தது. சுவர்கள் முடிந்துவிட்டன, தரையும் முடிந்துவிட்டது. மேசைப்பந்து மேசை ஒருபுறம், கரம் பலகை மறுபுறம் என்று இடமுங் குறித்தாயிற்று. மேலே மாத்திரம் ஒன்றுமில்லை. வீட்டின் தீராந்திகள் வெறுமையாகத் தெரிந்தன. அவற்றினூடே செப்புக் குழாய்களும் மின்கம்பிகளும் கழிவுநீர்க் குழாயும் தம்மிஷ்டப்படி ஓடின. சுவரோரமாக, வெப்பக் காற்றைக் கொண்டுசெல்லும் பெரிய தகரக் குழாய் தாழ்ந்து தொங்கியது. தம்பி உயரமானவர், அவருடைய நெற்றி அத்தகரத்தை முன்னரே பலமுறை சந்தித்திருந்தது.

இவ்வெறுமையை எதனால் மூடுவது என்பதே பிரச்சினை. இரண்டு மாதங்களாக அவ்வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது பேசப்பட்டது அதுவே என்று அறிந்தோம்.

தம்பியின் மனைவிக்கு மட்டமான வெள்ளை முகடு வேண்டும். மேல்வீட்டு அறைகளைப் போல. அதற்குரிய பொருள் ஜிப்சப் பலகை. அங்கே ‘றைவோல்’ என்பர். 8 அடிக்கு 4 அடியான பலகைகளைத் தீராந்திகளில் நேரே திருகாணியிட்டு இறுக்கி, பொருத்துகளைப் பசையால் மூடித் தேய்த்து, வர்ணம் பூசுவார்கள். இதனால் இழக்கப்படும் உயரம் பலகையின் தடிப்பு மாத்திரமே. அதாவது அரை அங்குலமோ, அதனிற் சிறிது கூடவோ. ஜிப்சம் என்னுங் கனிப்பொருளின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பளிங்கினுள் அடங்கிய நீரே. தீப்பற்றினால் அந்நீர் ஆவியாகி முடியும்வரை பலகை நெருப்பைத் தடுத்து நிற்கும். இதனை வகுப்பிற் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றோம். தோளில் வைத்துச் சுமந்தது அங்கேதான். தடித்த பலகை ஒன்றின் பாரம் 70 இறாத்தலுக்குக் கிட்ட வரும்.

பதின்மூன்று வயது நிரம்பிய பெறாமகன் ஒன்றுமே மூடவேண்டாம் என்றான். தீராந்தி, குழாய், கம்பி எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகக் கறுப்பு வர்ணம் விசிறிவிட்டாற் போதும். பெரிய நகரங்களின் தேநீர்ச்சாலைகளில் இப்பொழுது அதுவே நாகரிகமாம். “பந்து உயரப் போனாலும் முட்டாது, பெரியப்பா” என்று அவன் கூறியதில் நியாயமும் இருந்தது. தரையிலிருந்து தீராந்தி வரை 7 அடி 1 அங்குலம். மேசையின் உயரமே இரண்டரை அடி. எஞ்சியது நாலரை அடியளவே. அங்கே ஒவ்வோர் அங்குலமும் பந்துக்கு வேண்டியதுதான்.

மூன்றாம் கட்சிக்காரர் தச்சர். கரவெட்டியிற் பிறந்து, முப்பது ஆண்டுகளாக ஸ்காபுறோவில் நிலவறைகளைத் திருத்தி வருபவர். அவர் தொங்கும் முகட்டையே விரும்பினார். தீராந்திகளிலிருந்து கம்பியிற் கட்டித் தொங்கும் மெல்லிய உலோகச் சட்டங்கள். அச்சட்டங்களின் கட்டங்களுக்குள் இரண்டடிச் சதுரத் தட்டுகள். தட்டைச் சரித்து உள்ளே நுழைக்க இடம் வேண்டுமாதலின் நான்கு அங்குலமாவது உயரம் போய்விடும். அலுவலகக் கூரைபோலத் தோற்றும் என்பது தம்பி மனைவியின் குறை. ஆனால் எந்தத் தட்டையும் எந்நேரமும் கையால் உயர்த்தி எடுக்கலாம்.

“எடுக்கவேண்டி ஏன் வருகுது?” என்று வினவினோம்.

தச்சர் எம்மை வீட்டின் பின்சுவரோரம் அழைத்துச் சென்று, தீராந்திகளுக்கிடையில் ஒளிந்திருந்த சிறிய பித்தளை வால்வு ஒன்றைக் காட்டினார். தோட்டத்துக் குழாய்க்கு நீர் போகும் வழி அது. ஒவ்வோர் ஆண்டும் உறைபனிக்கு முன்னர் அதனை உள்ளிருந்து பூட்டி, வெளிக்குழாயில் எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும். மறந்தால் நீர் உறையும், உறையும் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும், குழாய் வெடிக்கும். இத்தகைய வால்வை ஜிப்சப் பலகைக்குள் அடைத்துவிட்டு, ஒழுக்கு எங்கென்று தெரியாமல் புது முகட்டை மூன்று இடங்களில் வெட்டிய வீட்டுக்காரர் ஒருவரின் கதையையும் சொன்னார். மின்கம்பிகள் கூடும் பெட்டிகளை மூடி மறைப்பது அந்நாட்டுச் சட்டத்துக்கும் ஒவ்வாது என்றார்.

தம்பியோ இம்மூன்றையும் விட்டு, நாலாவதொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீராந்திகளின் இடைவெளி முழுவதிலும், கல்லை உருக்கி நூலாக இழுத்துச் செய்த பஞ்சை அடைப்பது. அதன் கீழே நெகிழுந் தன்மையுள்ள உலோகச் சட்டங்கள். அவற்றில் இரட்டை ஜிப்சப் பலகை. காரணம் அம்மா. விளையாட்டு மண்டபத்தின் ஓர் அந்தத்துக்கு நேர்மேலே அம்மாவின் படுக்கையறையும் குளியலறையும் இருக்கின்றன. பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தத்தில் அம்மா நித்திரை கொள்ளமாட்டார் என்பது அவருடைய கவலை. “செலவு போனாப் போகட்டும், அண்ணை. ஒரு சத்தமும் மேலை போகக்கூடாது. நீங்கள் சயன்ஸ் படிப்பிக்கிறனீங்கள், எது நல்லதெண்டு சொல்லுங்கோ” என்றார்.

நாமும் வாத்தியார்க் குணத்தை விடாமல் விளக்கினோம். ஒலியை உறிஞ்சுவது வேறு, ஒலியை மறிப்பது வேறு. தொங்கும் முகட்டின் மென்மையான தட்டுகள் அறைக்குள் எழும் எதிரொலியைக் குடித்துவிடும். கீழே இருப்பவர்களுக்குக் காது குளிரும். மேலே போகும் சத்தத்தை அவை அதிகம் தடுக்கமாட்டா. மறிப்பதற்குப் பாரம் வேண்டும். பாரத்தை இருமடங்காக்கினால் ஊடுருவும் ஒலி, கணக்கின்படி, 6 டெசிபல் அளவு குறையும். காலடி போன்ற மோதல் ஒலி மரத்தினூடாகவே இறங்கி வருவதால், அதற்கு நெகிழுஞ் சட்டமும் வேண்டும். ஆகவே தம்பியின் திட்டம் பௌதிக நூலின்படி குற்றமற்றது என்று தீர்ப்பளித்தோம். பெறாமகனின் முகம் வாடிற்று. மறுநாட் காலை பஞ்சு வாங்கப் போவதென முடிவாயிற்று.

அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

அடுத்த நாள் விடிய, சமையலறையில் அம்மா பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். தேநீர்க் கோப்பையோடு அருகில் அமர்ந்தோம். தலையை நிமிர்த்தாமலே, “கீழை எல்லாத்தையும் அடைக்கப்போறானாம், சத்தம் வராதாம்” என்றார். நல்ல காரியந்தானே என்றோம். சிறிது நேரம் காயை முறித்துவிட்டு, “சத்தம் வராட்டில், போகவும் மாட்டாதெல்லே?” என்று கேட்டார்.

அப்பொழுதுதான் அந்தச் செய்தி வெளிவந்தது. அதற்கு முந்திய தை மாதத்தில், ஓர் அதிகாலை, அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கின்றார். மருமகள் இரவு வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் நித்திரை. கூப்பிடக் குரல் எழவில்லை. வேலைக்குப் போகுமுன் தோய்த்த உடுப்பை எடுக்க நிலவறைக்குப் போயிருந்த தம்பிக்கு, தலைக்கு மேலே மரத்தில் ஏதோ தொம்மென்று விழுந்த ஓசை கேட்டிருக்கின்றது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்திருக்கின்றார். இடுப்பெலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. “உனக்குச் சொன்னால் பதறுவாய் எண்டு விட்டிட்டம்” என்றார் அம்மா. தை மாதமென்றால், நாம் ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் அவரோடு பேசிய காலம். இடக்கையைப் படத்தில் காட்டாமலே பேசியிருக்கின்றார்.

அதன் பின்னர், ஆபத்து வேளையில் அழுத்துவதற்கென்று கழுத்தில் அணியும் பொத்தான் ஒன்றைத் தம்பி வாங்கிக் கொடுத்திருக்கின்றார். குளிக்கும்போது அம்மா அதனைக் கழற்றிவிடுவாராம். விழுந்ததே குளியலறையிலென்பது வேறு விஷயம். நாம் பார்த்த நாள்களில் அது சுவாமிப் படத்து ஆணியிலேயே தொங்கியது.

“பிள்ளையளின்ரை சத்தம் நித்திரையைக் குழப்பேல்லையோ?” என்றோம்.

“பகல் முழுக்க இந்த வீட்டிலை ஒரு சனமில்லை. பின்னேரம் பந்துச் சத்தம் கேட்டால்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்திட்டினம் எண்டு தெரியும்” என்றார்.

பௌதிகத்தில் நாம் வழங்கிய தீர்ப்பை வாபஸ் பெறக் கீழே இறங்கினோம். தம்பி கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். அவர் அந்த விபத்தை மறந்தவரல்லர், மறந்துவிட விரும்பியவர். தச்சர்தான் வாய் திறந்தார். “அப்ப ஒரு அறைக்கு ஏன் ஒரு முகடு?” என்றார்.

அவர் வகுத்த வழி இது. மேசைப்பந்து மேசை நிற்கும் பக்கம் விருந்தினர் கூடத்துக்குக் கீழே உள்ளது, அங்கே குழாய்கள் இல்லை, உயரந்தான் தேவை. அப்பகுதிக்கு ஜிப்சப் பலகை, நேரே தீராந்தியில். அம்மாவின் அறைக்கும் குளியலறைக்கும் கீழ்ப்பக்கம் கரம் பலகையைச் சுற்றி இருந்து விளையாடும் இடம். இருப்பவர்க்கு 6 அடி 9 அங்குலம் தாராளம். குழாய்களும் வால்வும் அங்கேயே உள்ளன. அப்பகுதிக்குத் தொங்கும் முகடு. பஞ்சு ஒரு பிடியும் வேண்டாம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் அகன்ற மரப்பட்டி. தகரக் குழாயை மாத்திரம் பெட்டிபோல் அடைத்து, பெறாமகனின் மனம் நோகாதபடி அதற்குக் கறுப்பு வர்ணம்.

பொருள் வாங்கப் போன கடையைப் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்துப் பெரியகடைத் தெருவை ஒரே கூரையின் கீழ் அடக்கியது போன்றது அது. ஆணி விற்கும் வரிசையிலிருந்து பலகை விற்கும் வரிசைக்கு நடப்பதற்குள் எமக்குக் கால் உளைந்தது. தட்டுகளில் மாத்திரம் பத்துப் பன்னிரண்டு வகை இருந்தன. தம்பியின் மனைவி அவற்றுள் அலுவலகச் சாயல் இல்லாத ஒன்றைத் தேடி ஒன்றரை மணி நேரம் நின்றார். அதனைக் கண்டும் பிடித்தார்.

முகட்டை இறுக்குமுன் தச்சர் ஒரு பரீட்சை வைத்தார். தொங்கும் பகுதிக்குத் தட்டுகளை இட்டதும், தம்பியைத் தோய்க்கும் இயந்திரத்தருகே நிறுத்தி, எம்மை மேலே குளியலறைக்கு அனுப்பினார். ஓர் அரிசிப் பையைத் தூக்கி இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டோம். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே கேட்டதென்று தம்பி கீழிருந்து குரல் கொடுத்தார். அம்மா வாசலில் நின்று, “சாக்கு வெடிச்சால் ஆர் அள்ளுறது?” என்றார்.

நாம் திரும்பி வந்தபின், ஐப்பசி மாதத்தில் ஒருநாள் பெறாமகன் காணொளியில் அழைத்தான். ஏணியில் ஏறி நின்றபடி, முகட்டுத் தட்டொன்றைக் கையால் உயர்த்தி, உள்ளே கையை விட்டு, தோட்டத்துக் குழாயின் வால்வைப் பூட்டிக் காட்டினான். அவனுக்குப் பின்னால் தங்கை கரம் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே யாரோ செருப்புடன் மெல்ல நடக்கும் ஓசை கேட்டது. “அப்பம்மா எழும்பிட்டா” என்று அவன் தட்டை மீண்டும் அதன் இடத்தில் வைத்தான்.