வாலில் ஒரு புள்ளி

கம்ப்யூட்டர் முன்னால் பெரியவர். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருக்கிறது. திரையில் ‘வீட்டுப் பத்திரம்’ ஃபோல்டர். ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு நடுவே வெற்றுத் தாள் சின்னத்தோடு இரண்டு ஃபைல்கள். அளவு 0 கேபி.

ஒன்றைத் தொட்டு டெலிட்டை அழுத்துகிறார். வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது, மூடிவிட்டு வரவும் என்று பதில்.

“நான் எதையும் திறக்கலையே!” என்கிறார் திரையிடம்.

அடுக்களையிலிருந்து பேத்தி வருகிறாள். கையில் கடித்த முறுக்கு. “ஸ்கேனர் புரோகிராம் பின்னாடி ஓடுது தாத்தா.” டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதை நிறுத்துகிறாள். இப்போது டெலிட் வேலை செய்கிறது.

இரண்டாவது அப்படி மசியவில்லை. இந்த இடத்தில் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது கம்ப்யூட்டர்.

“கண் முன்னாடி நிக்குது, இல்லைங்கிறானே!” அணைத்துப் போட்டுப் பார்க்கிறார். அதே பதில்.

பேத்தி திரையை ஒட்டிக் குனிகிறாள். முறுக்குத் தூள் கீபோர்டில் உதிர்கிறது. தாத்தா ஊதித் தள்ளுகிறார்.

“பேரு முடியுற இடத்துல ஒரு புள்ளி இருக்கு பாருங்க. மாமா லினக்ஸ்ல காப்பி பண்ணிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்தானே இது?”

அவள் விரல் வைத்த பிறகே புள்ளி அவருக்குத் தெரிகிறது. பெயரின் வாலில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் விண்டோஸ் அதைக் கத்தரித்துவிட்டுத்தான் தேடும். டாஸ் காலத்துப் பழக்கம். டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையிலோ புள்ளியும் பெயரில் சேர்த்தி. லினக்ஸ் அதை அப்படியே எழுதிவிட்டது. புள்ளியில்லாத பெயரைத் தேடிப் போன விண்டோஸ் வெறுங்கையோடு திரும்புகிறது.

கமாண்ட் பிராம்ட்டின் கருப்புத் திரை திறக்கிறது. “டெல், ஒரு ஸ்பேஸ், மேற்கோள்குறி. அப்புறம் \\?\ போடுங்க. பேரைக் கத்தரிக்காதேன்னு அர்த்தம். டிரைவ் எழுத்திலிருந்து முழுப் பாதை, கடைசிப் புள்ளியோட. மேற்கோள்குறியை மூடி என்டர்.”

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறார். கருப்புத் திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகிறது.

“பேச்சையே காணோம்?”

“தப்பா இருந்தாத்தான் பேசும்.”

ஃபோல்டரில் பத்திரப் பக்கங்கள் மட்டும் இருக்கின்றன.

“காலி ஃபைல்தானே, எவ்வளவு இடம் மிச்சம்?”

“பேரு, தேதி எழுதி வச்ச பதிவு ஒண்ணு. வழக்கமா 1024 பைட் தாத்தா.”

“இதுக்கா இவ்வளவு பாடு!” என்றாலும் கை சும்மா இருக்கவில்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் நுழைகிறார். பேத்தி மௌஸைப் பிடித்துக்கொள்கிறாள். “அங்கே வேணாம். அடையாளத்துக்குன்னே வச்ச காலி ஃபைலும் உண்டு.”

ஒரு ஃபைல் அழிய மறுத்தால், அழித்துத் தருவதாகச் சொல்லும் கண்ட மென்பொருளையும் இறக்காதீர்கள். எந்தப் புரோகிராம் அதைப் பிடித்திருக்கிறது, பெயரின் வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல சமயம் அதற்குமேல் வேலை இருக்காது.