வெரசானோ பாலத்தடியில்: சில குறிப்புகள்

அட்லாண்டிக்கின் ஒரு கரையில் ஆட்களை ஏற்றி மறு கரையில் இறக்குவதற்கென்றே கட்டிய பயணிகள் கப்பல் இன்று ஓட்டத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: குயின் மேரி 2. சவுத்தாம்ப்டனில் கிளம்பினால் வழக்கமாக ஏழு இரவுகள், எட்டாம் நாள் விடியலில் நியூயார்க். காலை ஆறரை வாக்கில் புரூக்ளினில் கட்டிவிடுவார்கள். துறைமுகத்தின் வாசலான வெரசானோ பாலத்தை அதற்கு ரொம்ப முன்பே, இருட்டு விலகுவதற்குள், தாண்டிவிடும். பார்க்க ஆசைப்பட்டால் மூன்றரைக்காவது எழுந்தாக வேண்டும்.

*

புரூக்ளின் கரையிலுள்ள பே ரிட்ஜில், 69ஆம் தெரு முடிகிற இடத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் துறைமேடையில் அந்த நேரத்திலும் ஆள் இருக்கும். எல்லோரும் தூண்டில்காரர்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் பெயிண்ட் வாளி. கைப்பிடிக் கம்பியில் இரை வெட்டிய கத்தித் தடம் வரி வரியாக. கப்பல் வருகிற நாள் அவர்களுக்குத் தெரியும். "இன்னிக்குப் பெரிசு வருது" என்ற அளவில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

*

தெற்கே இருட்டில் முதலில் தெரிவது கப்பல் அல்ல, விளக்குகள். ஒன்றின் மேல் ஒன்றாக மஞ்சள் வரிசை. நகர்கிறதா நிற்கிறதா என்று கொஞ்ச நேரம் பிடிபடாது. பிறகு பின்னாலிருந்த கரை விளக்குகள் ஒவ்வொன்றாக மறையும். அப்போதுதான் அதன் அளவு உறைக்கும். 345 மீட்டர் நீளம். கரையில் நிற்கிறவனுக்கு எண்ணைவிட அந்த மறைவுதான் கணக்கு: எதிரிலுள்ள ஸ்டேட்டன் தீவின் கரை ஒரு பக்கமாக அழிந்து, மறுபக்கமாகத் திரும்ப முளைத்துக்கொண்டே வரும்.

சத்தம் இல்லை என்பதுதான் முதல் தடவை பார்ப்பவரை உலுக்குவது. கடந்து போன பிறகு, அலைகள் கரைக்கல்லில் வந்து அடிக்கும்போதுதான் ஏதோ போயிருக்கிறது என்று தண்ணீர் சொல்லும்.

*

வெரசானோ பாலம் 1964இல் திறந்தது. இரு கோபுரங்களுக்கும் நடுவே 1,298 மீட்டர். கோபுரங்கள் அடியைவிட உச்சியில் சற்றே விலகி நிற்கின்றன. இரண்டும் செங்குத்துதான், பூமியின் வளைவு அப்படி. கோடையில் எஃகு வடங்கள் சூட்டில் நீண்டு, பாலத்தளம் குளிர்காலத்தைவிட 12 அடி வரை தாழ்ந்துவிடும்.

கப்பலை வடிவமைத்த ஸ்டீபன் பெய்ன் இந்தப் பாலத்துக்கு அடங்கித்தான் வரைய வேண்டியிருந்தது. புகைபோக்கியைக் குட்டையாக வைத்ததற்குக் காரணம் இதுதான். நீர்மட்டத்துக்கு மேல் கப்பல் சுமார் 62 மீட்டர். ஓதம் ஏறிய நேரத்தில் உச்சிக்கும் பாலத்துக்கும் நடுவே மிஞ்சுவது ஏறக்குறைய 13 அடி என்று சொல்வார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது அந்த 13 அடியும் தெரியாது. அந்தக் கோணத்தில் சிவப்புப் புகைபோக்கி நிச்சயம் இடிக்கப் போகிறது என்றே கண் சொல்லும். மேல்தளத்தில் கம்பளி போர்த்தி நிற்கிற பயணிகளும் அண்ணாந்துதான் நிற்கிறார்கள். அவர்கள் கையிலிருக்கும் போன்களின் வெளிச்சம் வரை தெரிகிறது. புகைபோக்கி அந்தப் பக்கம் வந்ததும் மேலேயிருந்து ஒரு கைதட்டல், காற்றில் பிய்ந்து பிய்ந்து, கரை வரை.

*

மேற்கு நோக்கி வரும்போது ஐந்து தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். விமானம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிற ஐந்து மணி நேரத்தைக் கப்பல் தவணையில் கொடுக்கிறது. உடம்புக்கு இதுதான் மரியாதை.

*

கப்பலில் நாய்களுக்குத் தனி இடம் உண்டு. 2016இல் புதுப்பித்தபோது அந்தத் தளத்தில் ஒரு பிரிட்டிஷ் விளக்குக் கம்பமும், ஒரு அமெரிக்கத் தெருத் தீயணைப்புக் குழாயும் நட்டார்கள். இரு நாட்டு நாய்களும் அவரவர் ஊர் வழக்கப்படி காலைத் தூக்கட்டும் என்று! இந்தக் கப்பலைப் பற்றிக் கேட்டதில் என் மனசுக்கு மிகப் பிடித்தது இதுதான். வீட்டைக் காலி செய்து, நாயையும் கூட்டிக்கொண்டு கண்டம் மாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

*

உல்லாசக் கப்பல் வேறு, இது வேறு. உல்லாசக் கப்பல் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். மோசமான வானிலையை ஒதுங்கிப் போகும். இதற்கு மறு கரையில் தேதி குறித்தாகிவிட்டது. வடக்கு அட்லாண்டிக்கின் குளிர்கால அலையில் முகம் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் நீண்ட, கூர்மையான அணியம், கனத்த தகடு, தண்ணீருக்குள் 10 மீட்டர் ஆழம். வேகம் மணிக்கு 30 கடல்மைலைத் தொடும். உயிர்காப்புப் படகுகளைக்கூட அலை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

சுக்கான் கிடையாது. அமரத்துக்கு அடியில் நான்கு மின்மோட்டார்க் கூடுகள். அவற்றில் இரண்டு முழு வட்டமும் சுழலும். முன்பக்கத்தில் பக்கவாட்டு விசிறிகள் மூன்று. புரூக்ளினின் ரெட் ஹுக் துறையில் கட்டும்போது ஒன்றரை லட்சம் டன் கணக்குள்ள கப்பல் பக்கவாட்டில், நண்டு போல, அங்குலம் அங்குலமாகக் கரைக்கு வருவதைப் பார்க்கலாம். முதலில் ஒரு மெல்லிய கயிற்றை வீசுவார்கள். கரையில் உள்ளவர் அதை இழுக்க இழுக்க, பின்னாலேயே கனத்த வடம் வரும்.

*

என் ஊர்ப் பக்கத்திலும் இப்படிப்பட்ட கப்பல்கள் ஓடியவைதான். 1926இல் கட்டிய 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை போய் வந்தது. நாகையில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட, ஆட்களும் மூட்டைகளும் படகில் போய் ஏற வேண்டும். அதற்குப் பின் 'சிதம்பரம்'. 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது. அதோடு அந்தத் தடமே நின்றது. தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் மலேயாக் கதை அந்தத் தளங்களில் படுத்துக் கிடந்தவர்களுடையது. அவற்றின் வருகையை இப்படி விரிவாகக் குறித்து வைத்தவர்கள் குறைவு என்பது எனக்குத் தீராத வருத்தம்.

*

அட்லாண்டிக் தடத்தின் பழைய கப்பலான 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' 1952இல் அந்தக் கடலை 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் கடந்தது. பயணிகள் கப்பல்களில் அதைவிட வேகமாக ஓடியது இல்லை. 1996 முதல் பிலடெல்பியாவில் துருப்பிடித்து நின்றது. 2025 பிப்ரவரியில் இழுத்துப் போனார்கள், புளோரிடா கடலில் மூழ்கடித்து மீன்களுக்குத் திட்டாக்குவதற்கு.

*

குயின் மேரி 2இன் புகைபோக்கியில் இருக்கும் சங்குகளில் ஒன்று, 1936இல் ஓடத் தொடங்கிய பழைய குயின் மேரியுடையது. பத்து மைலுக்குக் கேட்கும் என்பார்கள். வரும்போது ஊரை எழுப்ப வேண்டாமென்று பேசாமல் வரும். சாயங்காலம் கிளம்பும்போதுதான் முழங்கும். நெஞ்சுக்கூட்டில் அதிரும் சத்தம்.

*

ரெட் ஹுக்கில் ஏழைகள் நிறைய. புரூக்ளினிலேயே பெரிய அரசுக் குடியிருப்பு அங்கேதான். 2006இல் இந்த முனையம் திறந்த நாள் முதல், துறையில் நிற்கும் கப்பல்களின் டீசல் புகை அந்த ஜன்னல்களுக்குள்தான் போனது. 2016இல் கரையிலிருந்தே மின்சாரம் கொடுக்கும் வசதி வந்தது; வசதியுள்ள கப்பல் கம்பியை மாட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்தலாம். நிற்கிற ஒவ்வொரு கப்பலும் மாட்டியே ஆக வேண்டும் என்பதுதான் நியாயம். நமக்குக் காட்சி, அவர்களுக்கு மூச்சு.

எட்டு மணிக்கு மேல் ஓய்வு கிடைத்த ஊழியர்கள் வெளியே வருகிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள், நம் நாட்டவர்கள். பாதிப் பேர் இலவச வைஃபையைத் தேடி நேராகப் பக்கத்துக் கடைக்குள். சுவரில் சாய்ந்து ஒரு பையன் போனைத் தூக்கிப் பிடித்து வீட்டுக்குக் கப்பலைக் காட்டிக்கொண்டிருந்தான். மாலை ஐந்துக்குத் திரும்ப அட்லாண்டிக்.

*

போக நினைப்பவர்களுக்கு: வருகைத் தேதிகளை முன்னதாகவே வெளியிடுகிறார்கள். ஆர் ரயில் பின்னிரவிலும் மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து பே ரிட்ஜ் வரை ஓடும். 95ஆம் தெரு கடைசி நிலையம், அங்கிருந்து ஷோர் ரோடு கரை நடை தூரம். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. கோடையானாலும் காற்று கடிக்கும். ஸ்வெட்டரும் பிளாஸ்க்கில் டீயும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போங்கள். இந்தக் கப்பல் ஓய்ந்தால் அடுத்தது கட்டுவதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.