வடக்குச் சுவர்

செம்மேட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்க்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி தண்ணீர் வருமா என்பதல்ல. வடக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டுக்கார அக்கா, "வாஸ்துங்களா தம்பி?" என்றார். இல்லைங்க, படிக்கிறதுக்கு என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, வாஸ்து என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஓவியர்கள் வடக்கு ஜன்னலைத்தான் விரும்புவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். ஆனால் அது ஐரோப்பாவின் கணக்கு. கொல்லிமலை இருப்பது சுமார் 11 டிகிரி அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சி வெயிலே நமக்கு வடக்கிலிருந்துதான் வரும். மற்ற மாதங்களில் அந்தச் சுவரில் வெயில் அநேகமாகப் படாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் யோசித்திருக்க வேண்டும். இன்ஜினியரிங் படித்தவன்தான்.

ஆபீஸில் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்றதும் பெங்களூரைக் காலி செய்துவிட்டு வந்தேன். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ராசிபுரம் வீட்டில் அவருடைய புத்தகங்கள் இரண்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்தன. மொத்தம் 140. அதில் பாதி, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்கள். நியூ செஞ்சுரியின் வேன் ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்கியது. மீதியில் நிறைய, வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டிங் வால்யூம்கள். பெட்டிகளை ஏற்றிவிட்டபோது அம்மா, "பத்திரமா வெச்சுக்கடா" என்று மட்டும் சொன்னாள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் நான் திரும்பித் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது என் அலங்காரம். மிளகுக்கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் மரத்தில் ஆசாரி அலமாரி செய்து தந்தார். பின்னால் பிளைவுட், முன்னால் கண்ணாடிக் கதவு, வடக்குச் சுவரோடு ஒட்ட வைத்து ஸ்க்ரூ. ஜன்னலோரம் அப்பாவின் ஈசி சேர், புதுத் துணி போட்டு. கீழே பவானி ஜமக்காளம். 2700 கெல்வின் பல்பு போட்ட ஸ்டாண்டு விளக்கு. இது மட்டும் உருப்படியான முடிவு, ராத்திரி படிக்க டியூப்லைட் வெள்ளையைவிட அந்த மஞ்சள்தான் கண்ணுக்கு இதம். போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போட்டேன். ஹார்ட்டின்கள் குவிந்தன. அந்த நாற்காலியில் அதற்குப் பிறகு எத்தனை பக்கம் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அக்டோபரில் மழை பிடித்தது. மலையில் மழை என்றால் பெய்வது பாதிதான், மீதி மஞ்சு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த ஜட்டி நாலு நாள் காயாது. எனக்கோ ஒரு ரிலீஸ் தலைமேல். லேப்டாப்பை சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டேன், அங்கேதான் கதகதப்பு. இரண்டு மாதம் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

டிசம்பரில் திறந்தபோது வாசனைதான் முதலில் வந்தது. பழைய கோணிச்சாக்கு வாசனை. எடுத்த முதல் புத்தகத்தின் பின்னட்டை கையோடு வரவில்லை, பிளைவுட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பைண்டிங் வால்யூம்களில் சாம்பல் பச்சைப் பூசணம். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி அண்டாது. கலக்காதவர்கள் தைத்தது எது என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ட்ரங்குப் பெட்டியில் முப்பது நாற்பது வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்ததை, ஒரே மழைக்காலத்தில் நான் அழகு பார்த்துக் கெடுத்திருக்கிறேன்.

ஆன்லைனில் ஒரு ஈரப்பதமானி வாங்கிவைத்தேன். அலமாரிக்குள் 91 காட்டியது. 65, 70 தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மலைச்சரிவை ஒட்டிய, மாதக்கணக்கில் வெயில் காணாத சில்லிட்ட சுவர். அதோடு ஒட்டிய பலகை. காற்று போக வழியில்லாத கண்ணாடி. கேஸ் ஹிஸ்டரி போல எல்லாம் வரிசையாகப் பொருந்தியது. காற்றும் மழையும் இடியும் சேர்ந்து தாக்கினாலும் உரு அழியாது என்று நற்றிணை சொல்லும் கொல்லிப்பாவையும் இதே மலையில்தான். அது காகிதத்தில் செய்ததில்லை.

வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்தார். "செவுத்துல ஒட்டி மெளகு மூட்டையக்கூட நாங்க வெக்க மாட்டமுங்க தம்பி. அடுப்பங்கரை செவுரு பக்கம் தள்ளி வைங்க, காத்து போவட்டும்." அவர் வீட்டில் விதைச் சாமையும் தினையும் அடுப்புக்கு மேலே பரணில் புகை குடித்துக்கொண்டிருக்கும். மிளகு காய்ந்ததா என்று ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். என் மீட்டரைவிட அது சரியாக இருந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

வெயிலில் போட்டால் தாள் நெளிந்து மொறுமொறுத்துவிடும் என்பதால் நிழலில், ஃபேனுக்குக் கீழே, விசிறி போல நிறுத்திவைத்துக் காயவைத்தேன். ஈரமான பக்கங்களுக்கு நடுவே மை ஒற்றும் தாள். பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு வாசலில் வைத்து பிரஷ்ஷால் தட்டியெடுத்தேன். 23 புத்தகம் தேறவில்லை. அலமாரியின் பின்பலகையையும் கதவையும் கழற்றி, அடுப்பங்கரைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். நடுவீட்டில், குறுக்கே, பார்க்கச் சகிக்காத இடத்தில். ஈசி சேரும் அங்கே வந்துவிட்டது. ரசம் கொதிக்கிற வாசனையில் படிக்க வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஃபோனில் "அப்பா புக்கெல்லாம்?" என்பாள். "இருக்கும்மா" என்பேன். பொய் இல்லை, 117 இருக்கிறது.

ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கு வந்தாள். பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்தவள், உள்ளே நுழைந்ததும் அலமாரியைத்தான் பார்த்தாள். தொட்டுத் தொட்டு எண்ணுவது போல இருந்தது. கறை படிந்த வால்யூம் ஒன்றை உருவினாள். நான் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், அந்த 23 உட்பட. குறிப்பாக, பின்பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருந்த எண்கள் பாதி அழிந்துபோனதை. அவை பக்க எண்கள், அவருக்குப் பிடித்த இடங்கள் என்று நினைத்து மாதக்கணக்காக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸெல்லில்கூடப் போட்டுவைத்திருந்தேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இது பால் கணக்குடா. என் கையெழுத்து."

பிறகு ஈசி சேரில் உட்கார்ந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து படிப்பவள் போலப் படிக்க ஆரம்பித்தாள். நான் காபி போடப் போனேன்.